ஷனேல் இருக்கட்டும், கிளேர் மெக்கார்டெல் தெரியுமா?

கேள்வி இதுதான்: பெண்களுக்கு டிரஸ் மூலமா விடுதலை வாங்கிக் கொடுத்தவங்க பிரெஞ்சு டிசைனர் கோகோ ஷனேல்னு எங்க பாத்தாலும் போட்டிருக்கு, அது எவ்வளவு தூரம் உண்மை, அதோட ஒரு துணியால ஒரு பொண்ணுக்கு அப்படி என்ன பெரிய சுதந்திரம் வந்துடப் போகுது? அந்த ரெண்டாவது பாதியில இருக்குற கிண்டல் எனக்கு பிடிச்சிருக்கு, அதனாலதான் பதில் இவ்வளவு நீளமாயிடுச்சு. நான் பேட்டர்ன் கட்டிங் ஆளு. கிண்டி பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில லேடீஸ் கார்மென்ட் பேட்டர்ன் போட்டுட்டு இருந்தேன், இப்ப பசங்களுக்கு சொல்லிக் கொடுக்குறேன், அதனால எந்த டிரஸ்ஸ கையில எடுத்தாலும் வெளிய எப்படி இருக்குன்னு அப்புறம்தான் பாப்பேன், முதல்ல உள்பக்கம் திருப்பி தையல் எங்க, ஜிப் எங்க, பாக்கெட் இருக்கா இல்லையான்னுதான் பாப்பேன். அந்தப் பழக்கத்துல இருந்து வர்ற பதில் இது.

ஷனேல் பத்தி சொல்றதெல்லாம் பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா கொஞ்சம் ஓவர். 1883ல ஏழை வீட்ல பிறந்தவங்க, அம்மா போனதும் அநாதை இல்லத்துல வளர்ந்தவங்க, 1910ல பாரிஸ்ல தொப்பிக் கடை, 1913ல டோவில் கடற்கரை ஊர்ல ஒரு கடை, அங்க ஆம்பளைங்க உள்ளாடைக்கு போட்டுட்டு இருந்த ஜெர்சிங்கற பின்னல் துணியை எடுத்து பொம்பளைங்களுக்கு டிரஸ் பண்ணாங்க, அது அந்தக் காலத்துக்கு நிஜமாவே பெரிய விஷயம். ஆனா இடுப்பை இறுக்குற கார்செட்டை தூக்கிப் போட்டது அவங்க ஒருத்தர் மட்டும் இல்ல, பால் புவாரே, மாட்லேன் வியோனேன்னு பாரிஸ் டிசைனர்கள் ரெண்டு பேரும் அவங்களுக்கு முன்னாடியே அதை ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் 1939ல கடையை சாத்திட்டு, ஜெர்மன்காரங்க பாரிஸ்ல உக்காந்திருந்த காலத்துல ஒரு ஜெர்மன் அதிகாரியோட ரிட்ஸ் ஹோட்டல்ல இருந்தாங்க, யூதர்களுக்கு எதிரா வந்த சட்டத்தை வச்சு தன் பேர்ல இருந்த பெர்ஃப்யூம் கம்பெனியை, அதுல பெரும்பங்கு வச்சிருந்த வெர்தைமர்ங்கற யூதக் குடும்பத்துகிட்ட இருந்து பிடுங்கப் பாத்தாங்க. இதையும் சேர்த்துதான் விடுதலைன்னு பேசணும். முக்கியமா, அவங்க துணி யாருக்குன்னு பாருங்க, அளவெடுத்து தச்சுப் போடுற பணக்காரங்களுக்கு. ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணுக்கு அது கண்ணுல பாக்குற பொருள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டா அந்த இடத்துல வைக்க வேண்டிய பேரு கிளேர் மெக்கார்டெல். நம்ம ஊர்ல ஃபேஷன் படிக்கிற பசங்களே பாதி பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்துல ஃப்ரெடரிக்னு ஒரு ஊரு, அங்க 1905ல பிறந்தவங்க, அப்பா பேங்க்காரர், கூடப் பிறந்தது மூணு தம்பிங்க. தம்பிங்க நடுவுல வளர்ந்த பொண்ணுக்கு தெரியாம இருக்குமா, அவங்க பேண்ட்ல பாக்கெட் இருக்கு நம்ம ஃப்ராக்ல இல்லங்கறது. வீட்ல ஹோம் சயின்ஸ் படின்னு காலேஜ்ல சேத்து விட்டாங்க, அது ஒத்து வரல, நியூயார்க் போய் இப்ப பார்சன்ஸ்னு சொல்ற ஸ்கூல்ல சேர்ந்தாங்க, அதுல ஒரு பகுதி பாரிஸ்ல. அங்க என்ன பண்ணாங்கன்னா பெரிய டிசைனர்களோட டிரஸ்ஸை சேல்ல மலிவா வாங்கிட்டு வந்து தையலைப் பிரிச்சு பீஸ் பீஸா போட்டு பாத்து திரும்ப சேப்பாங்க, முக்கியமா வியோனேவோடதை. வியோனேதான் க்ராஸ் கட்டிங்கோட ராணி, துணியை நேரா வெட்டாம மூலைவாட்டுல வெட்டினா அது உடம்போட சேந்து இழுபடும்ல, நம்ம டெய்லர் க்ராஸ் கட் ப்ளவுஸ்னு சொல்றாரே அதே லாஜிக்தான், அதை முழு கவுனுக்கும் கொண்டு போனவங்க அவங்க. பிரிச்சுப் பாத்து கத்துக்கிட்டவங்க எப்பவுமே நல்லா வருவாங்கங்கறது என் மூடநம்பிக்கை.

திரும்பி வந்து ராபர்ட் டர்க்னு ஒரு டிசைனர்கிட்ட அசிஸ்டென்ட். டவுன்லி ஃப்ராக்ஸ்னு ஒரு கம்பெனிக்கு அவர் போக, இவங்களும் கூடப் போனாங்க, 1932ல அவர் தண்ணில மூழ்கி இறந்துட்டார், சீசன் கலெக்‌ஷன் பாதியில நிக்குது, அதை முடிச்சுக் கொடுத்தது இவங்க. அந்தக் காலத்துல நியூயார்க் செவன்த் அவென்யூ ரெடிமேட் கம்பெனிங்களோட வேலை என்ன தெரியுமா, வருஷத்துக்கு ரெண்டு தடவை கப்பல் ஏறி பாரிஸ் போய் ஷோ பாத்துட்டு வந்து அப்படியே காப்பி அடிக்கிறது. டிசைனர் பேரு லேபிள்ல இருக்காது. கிளேரும் அதுக்குத்தான் போய்ட்டு வந்தாங்க, அந்தப் பயணத்துல ட்ரங்க் பெட்டி இழுத்து அலுத்துப் போய் 1934ல ஒரு ஐடியா: கறுப்பு ஜெர்சியில அஞ்சு பீஸ், மேல் சட்டை பாவாடை பேண்ட்னு, எதை எதோட வேணாலும் மாத்தி மாத்தி போட்டுக்கலாம், ஒரு சின்ன பெட்டியில முடிஞ்சுது. கடைக்காரங்க வேணாம்னுட்டாங்க, செட்டா விக்காம தனித்தனியா எப்படி விக்கிறதுன்னு. இன்னைக்கு பாண்டி பஜார்ல ஒரு குர்தி, ஒரு லெக்கிங்ஸ், ஒரு பலாசோன்னு தனித்தனியா அள்ளிட்டு வர்றோமே, அந்த யோசனையைத்தான் அன்னைக்கு வேணாம்னாங்க.

1938ல வந்தது மொனாஸ்டிக் டிரஸ். இடுப்புத் தையலே கிடையாது, தோள்ல இருந்து நேரா தொங்கும், பெல்ட்டை எங்க வேணும்னாலும் கட்டிக்கலாம், இறுக்கமாவோ தொளதொளன்னோ, அது போடுறவங்க இஷ்டம். சிரிக்காதீங்க, பெல்ட்டை எடுத்துட்டா அது நம்ம நைட்டிதான். கடையில போட்ட வேகத்துல வித்துது, அதே வேகத்துல ஊர்ல இருக்குற எல்லா கம்பெனியும் காப்பி அடிச்சாங்க, அந்த சண்டையிலயே டவுன்லி கம்பெனி மூடுற நிலைமைக்கு வந்து மூடிட்டாங்க. 1940ல திரும்பத் திறந்தப்ப அடால்ஃப் க்ளைன்னு ஒரு பார்ட்னர் வந்து இவங்க பேரையே லேபிள்ல போட்டார். அதே வருஷம் ஜூன்ல பாரிஸ் ஜெர்மன்காரங்க கைக்குப் போயிடுச்சு, பாரிஸ் போய் காப்பி அடிக்க முடியல, வேற வழியில்லாம அமெரிக்கா தன் டிசைனர்களைத் திரும்பிப் பாத்துச்சு. திறமைன்னு சொல்றோம், நேரமும் ஒத்து வரணும்ல.

இனிமேதான் எனக்கு பிடிச்ச பகுதி. 1942ல அமெரிக்க அரசு எல்-85ன்னு ஒரு ஆர்டர் போட்டுச்சு, போருக்கு துணி வேணும், அதனால பொம்பளைங்க டிரஸ்ல பாவாடை சுற்றளவு இவ்வளவுதான், கீழ மடிப்பு ரெண்டு இஞ்சுக்கு மேல கூடாதுன்னு. உலோகம் தட்டுப்பாடு, ஜிப் கிடைக்கிறதே கஷ்டம். மத்தவங்க புலம்பினாங்க, இவங்க நாடா வச்சாங்க, பித்தளை கொக்கி வச்சாங்க, வேலைக்காரங்க போடுற டெனிம் துணியை எடுத்து ரெண்டு வரிசை தையல் வெளிய தெரியுற மாதிரி போட்டாங்க. ஜிப் வச்ச டிரஸ்லயும் அது முதுகுல இருக்காது, பக்கவாட்டுல இருக்கும். ஏன்னா முதுகு ஜிப்பை இழுத்து விட இன்னொரு ஆள் வேணும். தனியா ரூம் எடுத்து தங்கி வேலைக்குப் போற பொண்ணுக்கு அந்த இன்னொரு ஆள் எங்க இருக்கு?

இதை கொஞ்சம் நம்ம பக்கம் திருப்புவோம். உங்க பாட்டி ப்ளவுஸை எடுத்துப் பாருங்க, முன்னாடி கொக்கி, குனிஞ்சு பாத்தா தெரியும், கண்ணை மூடிக்கிட்டே போட்டுடலாம். இப்ப கல்யாணத்துக்கு தைக்கிற ப்ளவுஸைப் பாருங்க, பேக் ஹூக், அதுக்கு மேல ரெண்டு கயிறு, கயித்து நுனியில குஞ்சம். தி.நகர்ல தையக்கூலி மட்டும் ஆயிரக்கணக்குல கொடுத்து நாம வாங்கிட்டு வர்றது என்னன்னா, தனியா போட்டுக்கவும் முடியாத தனியா கழட்டவும் முடியாத ஒரு டிரஸ். பாட்டியோட முன்பக்க கொக்கியில இருந்து இங்க வந்திருக்கோம், இதுக்குப் பேரு மாடர்ன். அழகு வேண்டாம்னு நான் சொல்லல, எனக்கே ரெண்டு இருக்கு, ஆனா தினசரி ஆபீஸ் ப்ளவுஸுக்கும் பேக் ஹூக்தான் வேணும்னு வர்ற பொண்ணுங்களைப் பாத்தா கேக்கத் தோணும், ஹாஸ்டல்ல ரூம்மேட் ஊருக்குப் போயிட்டா என்னம்மா பண்ணுவேன்னு.

அதே 1942ல பாப்ஓவர் டிரஸ். ஹார்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காரங்க கேட்டாங்க, வீட்டு வேலையும் செய்யணும், அதைப் போட்டுக்கிட்டே விருந்தாளி வந்தா கதவும் திறக்கணும், அப்படி ஒரு டிரஸ் பண்ணிக் கொடுங்கன்னு. டெனிம்ல சுத்திக் கட்டுற டிரஸ், பெரிய பாக்கெட், இடுப்புல ஒரு அடுப்பங்கரை கையுறை தொங்கும். விலை 6.95 டாலர். முதல் சீசன்லயே 75,000 பீஸ் வித்துச்சு. போட்டிருந்த டிரஸ் மேலயே கவுத்துக்கலாம், தனியாவும் போடலாம், ஒல்லியா இருந்தாலும் குண்டா இருந்தாலும் சுத்திக் கட்டிக்கலாம். சுத்திக் கட்டுறதோட அருமையை புடவை கட்டுற ஊருக்கு நான் சொல்லித் தரணுமா என்ன.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த பத்திரிகைக்காரங்களுக்கு இந்த டிரஸ் ஏன் தேவைப்பட்டுச்சுன்னா, வசதியான வீடுகள்ல வேலை பாத்துட்டு இருந்த பொம்பளைங்க பல பேர் போர் கால ஃபேக்டரிக்கு நல்ல சம்பளத்துக்குப் போயிட்டாங்க, எஜமானியம்மா முதல் தடவையா தானே பாத்திரம் கழுவ வேண்டி வந்துச்சு. அப்ப நிஜமா சுதந்திரம் கிடைச்சது யாருக்கு, கையுறை வச்ச டிரஸ் போட்டவங்களுக்கா, அந்த வீட்டை விட்டுப் போனவங்களுக்கா? நம்ம அண்ணா நகர் அடையார் அபார்ட்மென்ட்லயும் வீட்டு வேலைக்கு வர்ற அக்கா ஒரு நாள் வரலைன்னா என்ன ஆகுதுன்னு நமக்குத் தெரியும். கிளேர் மேல எனக்கு மரியாதை இருக்கு, அதுக்காக இதை மறைக்க முடியாது.

செருப்பு கதையும் உண்டு. 1943ல அமெரிக்காவுல தோல் செருப்புக்கு ரேஷன் வந்துச்சு, ஆனா பாலே டான்ஸ் ஆடுறவங்க போடுற ஷூவுக்கு ரேஷன் கிடையாது. இவங்க டான்ஸ் ஷூ பண்ற கபேஸியோ கம்பெனிகிட்ட போய் அதுக்கே கொஞ்சம் கெட்டியா அடிப்பாகம் வச்சுத் தரச் சொல்லி, தன் டிரஸ்ஸுக்கு அதைப் போட்டு விட்டாங்க. இன்னைக்கு நாம பெல்லீஸ்னு வாங்குற தட்டையான ஷூ ரோட்டுக்கு வந்த வழிகள்ல இது முக்கியமானது. ஹீல்ஸ் இல்லாம நடக்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில நாள் பூரா நின்னுட்டு புடவை விரிச்சுக் காட்டுற பொண்ணுங்ககிட்ட கேளுங்க. அவங்களுக்கு உக்கார ஸ்டூல் போடணும்னு சட்டம் வந்ததே 2021லதான், தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து. அதுவரைக்கும் கால் கடுக்க நிக்கிறது வேலையோட ஒரு பகுதின்னு நினைச்சிட்டு இருந்தோம், அவங்க கையில பட்டுப்புடவையை வாங்கிப் பாத்துக்கிட்டே.

சரி, பாக்கெட். கிளேர் எந்த டிரஸ்ஸுக்கும் பாக்கெட் வைக்கப் பாப்பாங்க, பார்ட்டி கவுனுக்குக்கூட. இது ஏன் பெரிய விஷயம்னா ஐரோப்பாவுல பொம்பளைங்களுக்கு பாக்கெட் இருந்து, அப்புறம் காணாமப் போச்சு. 17, 18ஆம் நூற்றாண்டுல அங்க பொம்பளைங்க இடுப்புல நாடா வச்சு ரெண்டு பையைக் கட்டிக்கிட்டு, மேல பாவாடையில ஓட்டை விட்டு அது வழியா கையை விடுவாங்க, சாவி, காசு, கத்தரிக்கோல் எல்லாம் அதுலதான். 18ஆம் நூற்றாண்டு முடியுறப்ப ஃபேஷன் மாறி மார்புக்குக் கீழயே இடுப்பு வந்து, உடம்போட ஒட்டுற மெல்லிசு மஸ்லின் கவுன் வந்துச்சு, அன்னைக்கு வங்காளத்துல இருந்து போன மஸ்லினும் அதுல உண்டு, அதுக்குள்ள பை கட்டினா துருத்திக்கிட்டு தெரியும், அதனால பையை எடுத்து கையில கொடுத்துட்டாங்க. அன்னைக்கு கைக்கு வந்த பை இன்னும் இறங்கல. ஷனேலே 1955ல தோள்ல மாட்டுற மாதிரி சங்கிலி வச்ச பை கொண்டு வந்து ஒரு கையை விடுவிச்சாங்க, அதுக்கு அவங்களுக்கு ஒரு கும்பிடு, ஆனா பை பைதான், அதைத் தனியா வாங்கணும், தனியா தூக்கணும், பஸ்ல தனியா பாத்துக்கணும்.

நம்ம பாட்டிங்களோட சுருக்குப் பை அதேதானே. இடுப்புல சொருகி வெத்தலை பாக்கு, சில்லறை, பொடி டப்பி எல்லாம் உள்ள. சுருக்குப் பை இல்லாதவங்க முந்தானையில முடிஞ்சு வச்சாங்க, மடியில கட்டினாங்க, காய்கறிக்காரம்மா இன்னைக்கும் ப்ளவுஸுக்குள்ள இருந்துதான் சின்ன பர்ஸை எடுத்து மீதி கொடுக்குறாங்க. அவங்கவங்க காசு அவங்கவங்க உடம்புல இருந்துச்சு. சந்தையில வியாபாரம் பண்ற பொம்பளைக்கு அது கட்டாயம், கல்லாப்பெட்டி ஆம்பளை கையில இருக்குற வீட்ல கூட அந்த முடிச்சுல கை வைக்க எவனுக்கும் தைரியம் வராது. சுடிதார் வந்தப்ப நடக்குறதுக்கு, ஸ்கூட்டி ஓட்டுறதுக்கு, பஸ் படியில ஏறுறதுக்கு எல்லாம் வசதி வந்துச்சு, 90கள்ல மெட்ராஸ்ல ஸ்கூட்டியும் சுடிதாரும் சேர்ந்து பண்ண புரட்சியை யாராவது ஒழுங்கா எழுதணும். ஆனா முந்தானை போச்சு, முடிச்சு போச்சு, அந்த இடத்துல பாக்கெட் வரல. துப்பட்டாவுல எதைக் கட்டுறது? இன்னைக்கு மெட்ரோவுல பாருங்க, ஆம்பளைங்க ரெண்டு கையையும் வீசிட்டு வருவாங்க, பொண்ணுங்க ஒரு கையில போன், தோள்ல பை, வாயில டிக்கெட். வண்டி ஓட்டுறப்ப ஹெல்மெட்டுக்குள்ள போனை சொருகிட்டு போற பொண்ணு போன் பேசுறதுக்காக மட்டும் அப்படிப் பண்ணல, வைக்க இடம் இல்லாமயும்தான்.

புடவை கட்டுற பொண்ணுக்கு அதனால சைக்கிளே ஓட்ட முடியாதுன்னும் நான் சொல்ல வரல. 90களோட ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளிங்கற எழுத்தறிவு இயக்கத்துல ஆயிரக்கணக்கான கிராமத்துப் பொம்பளைங்க புடவையோடயே சைக்கிள் கத்துக்கிட்டாங்க, லேடீஸ் சைக்கிள் கிடைக்கலைன்னா பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிள்ல. பிடிவாதம் இருந்தா துணி தடுக்காது. ஆனா ஒரு ஆளோட பிடிவாதத்தை நம்பி டிசைன் பண்றது சோம்பேறி டிசைன், அதை நான் பசங்களுக்கு முதல் வாரமே சொல்லிடுவேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீத்துடுறேன், ஏன்னா இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் சுதந்திரம்னா துணியைக் குறைக்கிறதான்னு கேட்டுட்டு வருவாங்க. நம்ம ஊர் வரலாறே அதுக்கு நேர் எதிர். தெற்கு திருவிதாங்கூர்ல, இப்ப நாகர்கோவில் கன்னியாகுமரி இருக்குற பக்கம், நாடார் பெண்கள் மாரை மூடக்கூடாதுன்னு தடை இருந்து, மூடுறதுக்காக பல வருஷம் அடி வாங்கி, துணி கிழிபட்டு, தோள்சீலைக்காகப் போராடி, கடைசியில 1859 ஜூலைல ராஜா உத்தரவு போட வேண்டி வந்துச்சு, அதுக்கு நெருக்கடி கொடுத்ததுல அன்னைக்கு மெட்ராஸ் கவர்னரா இருந்த சார்லஸ் ட்ரெவல்யனுக்கும் பங்கு உண்டு. அப்பவும் மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரியே போடக்கூடாதுன்னு ஒரு கொக்கி வச்சுத்தான் கொடுத்தாங்க. அங்க கூட்டுறது சுதந்திரம். பெரியார் பக்கம் வந்தா, முடியை வெட்டு, ஆம்பளை மாதிரி சட்டை போடு, துணிக்கும் நகைக்கும் செலவு பண்ற நேரத்தைப் படிப்புக்குக் கொடுன்னார், அங்க குறைக்கிறது. 2019ல தலைமைச் செயலக ஊழியர்களுக்கு அரசு போட்ட உத்தரவுல பெண்களுக்கு புடவை, சல்வார், சுடிதார், அதுவும் துப்பட்டாவோடன்னு எழுதியிருந்துச்சு, அங்க கேள்வி துப்பட்டாவை யார் தீர்மானிக்கிறதுங்கறது. கூடுதா குறையுதாங்கறதை வச்சு அளக்குறவங்க எப்பவும் தப்பான இடத்துல டேப் பிடிக்கிறாங்க.

கிளேர் கதையோட மீதியை சுருக்கமா சொல்லிடுறேன். 1947ல பாரிஸ் டிசைனர் டியோர் நியூ லுக்னு கொண்டு வந்து இடுப்பைத் திரும்ப இறுக்கி, உள்ள பேடிங் வச்சு, கெஜக்கணக்குல துணியைக் கொட்டினார், உலகம் பூரா அதுக்குப் பின்னாடி ஓடுச்சு. இவங்களும் அகலப் பாவாடை தச்சாங்க, ஆனா உள்ள எலும்புக்கூடு வைக்கல. 1955 மே மாசம் டைம் பத்திரிகை அட்டையில இவங்க படம் வந்துச்சு. மூணு வருஷத்துல, 1958 மார்ச்ல, குடல் புற்றுநோய்ல போயிட்டாங்க, 52 வயசு. கடைசி கலெக்‌ஷனை ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே சிநேகிதி மில்ட்ரெட் ஆரிக்கோட உதவியில முடிச்சாங்க. குடும்பத்துல அந்த லேபிளை அதோட நிறுத்திட்டாங்க. ஷனேல் பேரு ஏன் நிக்குது, இவங்க பேரு ஏன் மறைஞ்சுதுன்னு கேட்டா என் பதில் ரொம்ப சாதாரணமானது: அங்க பெர்ஃப்யூமும் பையும் இன்னும் வித்துட்டு இருக்கு, அந்த விளம்பரக் காசுல வரலாறும் எழுதப்படுது. இங்க விக்க ஒண்ணும் இல்ல, ஐடியாவை எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. சொந்த ஊர் ஃப்ரெடரிக்ல சிலை வச்சதே 2021லதான்.

தச்சவங்களைப் பத்தி பேசாம முடிச்சா எனக்கே பிடிக்காது. கிளேர் நியூயார்க்ல வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, 1911 மார்ச் 25, அதே ஊர்ல ட்ரையாங்கிள் ஃபேக்டரியில தீ பிடிச்சு 146 பேர் செத்தாங்க, பெரும்பாலும் சின்னப் பொண்ணுங்க, வெளிய வர்ற கதவு பூட்டியிருந்துச்சு. அவங்க தச்சிட்டு இருந்தது ஷர்ட்வெய்ஸ்ட், காலர் வச்ச பட்டன் சட்டை, அந்தக் காலத்துல வேலைக்குப் போற பொண்ணோட அடையாளமே அந்த சட்டைதான். சுதந்திரமா நடந்து போறவ போட்டிருக்குற சட்டை பூட்டின ரூம்ல தச்சது. தாம்பரம், கிண்டி, அம்பத்தூர்ல கம்பெனி பஸ் நிக்கிற இடத்துல காலைல ஏழு ஏழரைக்கு நின்னு பாருங்க, டிபன் பாக்ஸ் கூடையோட வர்ற பொண்ணுங்க தச்சுத்தான் உலகத்துல எங்கயோ ஒருத்தி ஆபீஸ் போறா.

அந்த கம்பெனிகள்ல பாக்கெட் எப்படி சாகுதுன்னு நான் பாத்திருக்கேன். ஆர்டர் கொடுக்குற பையர்கிட்ட இருந்து டிசைன் வரும், பாக்கெட் இருக்கும். காஸ்டிங் மீட்டிங்ல உக்காந்தா துணி கன்சம்ப்ஷன், ஒரு பீஸ் தைக்க எத்தனை நிமிஷம்னு கணக்கு. சைடு பாக்கெட்னா நாலு பீஸ் கூட வெட்டணும், ஓரம் பிரியாம ஓவர்லாக் போடணும், ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல வரணும், லைன்ல ஒரு ஆபரேட்டர் கூட வேணும். விலை இறங்கணும்னா முதல்ல எதை எடுப்பாங்க? ஜென்ட்ஸ் பேண்ட்ல யாரும் பாக்கெட்டை எடுக்கலாம்னு வாயைத் திறக்க மாட்டாங்க, வித்துப் போகாதுன்னு தெரியும். லேடீஸ்ல எடுப்பாங்க, இல்லைன்னா மேல மூடி மட்டும் தச்சு உள்ள பை இல்லாம பொய் பாக்கெட் வைப்பாங்க. ஏன்னு கேட்டா லேடீஸ் பாக்கெட் கேக்க மாட்டாங்கன்னு பதில். அதனால கேளுங்க, கடையிலயும் கேளுங்க, டெய்லர்கிட்டயும் கேளுங்க.

டெய்லர்கிட்ட எப்படி கேக்கணும்னா, பாக்கெட் வச்சுடுங்கண்ணான்னு மொட்டையா சொன்னா அவர் ஷேப் போயிடும்மான்னு சொல்வார். அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. குர்தியில பக்கவாட்டு ஸ்லிட் இடுப்புக்கு ஏழெட்டு இஞ்சு கீழயே ஆரம்பிச்சுடும், சாதாரணமா பை வச்சா அது ஸ்லிட் வழியா வெளிய எட்டிப் பாக்கும். அதனால பாக்கெட்டோட வாய் ஆறு இஞ்சு, ஸ்லிட் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு இஞ்சு மேலயே முடியணும், பை பின்னாடி போகாம முன்பக்கமா சாஞ்சு இருக்கணும், பையோட ஓரத்தை முன் பீஸோட சேத்து ஒரு தையல் போட்டுடணும், இல்லைன்னா போன் வெயிட்டுக்கு மெல்லிசு காட்டன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு கழுத்து கோணும். முடிஞ்சா போனை குர்தியில வைக்காம பேண்ட்ல வைங்க, எலாஸ்டிக்கோ நாடாவோ இருக்குற பேண்ட்ல இடுப்புப் பட்டியோட பையோட மேல்நுனியை சேத்து தச்சுட்டா வெயிட் இடுப்பு தாங்கும், துணி தாங்க வேண்டாம். புடவைக்கு உள்பாவாடையில வலது பக்கம் ஜிப் வச்ச ஒரு சின்ன பை, கொசுவத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கை சுலபமா போற மாதிரி. துணியும் பெருசா வேணாம், நாப்பத்தி நாலு இஞ்சு அகலத் துணின்னா ரெண்டு பக்கப் பைக்கும் சேத்து முப்பது சென்டிமீட்டர் போதும், எழும்பூர் பாந்தியன் ரோட்டுல பிட்டு துணி எடுக்குறப்பவே கால் மீட்டருக்கு கொஞ்சம் கூட வெட்டச் சொல்லிடுங்க. பைக்கு மட்டும் லைனிங் துணி போடுறதா இருந்தா வாயில்னு சொல்ற மெல்லிசு துணியில போடாதீங்க, சாவி குத்தி ஓட்டையாகும், கொஞ்சம் கெட்டியான காட்டன், டெய்லர்கிட்ட கொடுக்குறதுக்கு முந்தின நாளே தண்ணில போட்டு சுருங்க விட்டு காய வச்சுக் கொடுங்க.